வெண்டெல் கட்டிய கடல் பூச்சிகள்

வெண்டெல் கைப்பர் தொட்டிச் சங்கிலி கேட்டு வந்த அன்று கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். கை கழுவும் தொட்டியில் அடைப்பானைக் கட்டித் தொங்கவிடுவார்களே, பொடிப் பொடி மணியாகக் கோத்த சங்கிலி, அதுதான். ஐந்தடி வேண்டும் என்றார்.

"அஞ்சடியா? உங்க வீட்ல எத்தனை தொட்டி இருக்கு?"

"ஒண்ணுதான்."

"ஒரு தொட்டிக்கு அரையடி போதுமே. மிச்சத்தைக் கழுத்துல போட்டுக்கப் போறீங்களா?"

"வெட்டிக் குடு வெல்மா. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். இரும்புக்கடையில் முப்பத்தோரு வருடம் நின்றால் யாருக்கும் நீளும். ஆணி கேட்டு வருகிறவனுக்கு எந்த ஆணி என்று தெரியாது. எதற்கு, எங்கே அடிக்கப் போகிறாய், மரமா சுவரா என்று நாமேதான் வாயைக் கிளறிக் கேட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம். அன்று சங்கிலியை வெட்டிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கணப்பு அடுப்போரம் வந்து நின்றார்.

ஜனவரி மாதம் அது. வெளியே பனி இடுப்பளவு. வட மிச்சிகனில் அந்த மாதத்தில் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. குழாய் உறைந்து வெடித்தவர்கள் ஒன்று, வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் இன்னொன்று. வெண்டெல் இரண்டாவது வகை. வாரம் ஒருமுறை வந்து ஒரு பல்போ நாலு திருகாணியோ வாங்குவார். அவர் வாங்கின பல்பையெல்லாம் மாட்டினால் எங்கள் தேவாலயம் முழுக்க விளக்குப் போட்டுவிடலாம். நான் காபி ஊற்றிக் கொடுப்பேன். நின்றுகொண்டே குடித்துவிட்டு, குளிரைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அந்த நாலு வார்த்தைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போய் இருபது வருடமான ஒருத்தி, ஐம்பத்தேழு வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வாள்?

வெண்டெலுக்கு அப்போது அறுபத்தெட்டு. சாலைத் துறையில் முப்பது குளிர்காலம் பனி ஒதுக்கும் லாரி ஓட்டியவர். லாரியின் முன்னால் பெரிய இரும்புத் தகடு, பின்னால் டன் கணக்கில் உப்பு. தகடு பனியைத் தள்ளும், உப்பு மிச்சத்தைக் கரைக்கும். பனி விழ ஆரம்பித்தால் மூன்று நாள்கூட வீட்டுக்குப் போகமாட்டார். நாங்கள் வேலைக்குப் போனதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அவர் புண்ணியத்தில். அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. உப்பு எங்கள் கார்களைத் தின்றுவிட்டது என்று மட்டும் வசைபாடுவோம். எங்கள் ஊரில் எந்தக் காரும் வயதாகிச் சாகாது, அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்துதான் சாகும்.

ஓய்வு பெற்ற பிறகு பூச்சி கட்டினார். டிரவுட் மீன் தண்ணீர் மேல் மிதக்கும் ஈயையும் தத்துப்பூச்சியையும்தான் தின்னும். அதை ஏமாற்ற, நெல்மணி அளவு தூண்டில் முள்ளில் நூல் சுற்றி, மான் மயிரும் சேவல் கழுத்து இறகும் வைத்துக் கட்டுகிற பொய்ப்பூச்சி. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மீன்பிடிக்க ஆற்றைத் திறந்துவிடுவார்கள். டெட்ராய்ட்டிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் கூட்டம் வந்து கொட்டும். அதற்குள் கட்டி வைத்தாக வேண்டும் என்பதால் குளிர்காலம்தான் பூச்சி கட்டும் காலம். பாலத்தடியில் மீன்பிடிக் கடை வைத்திருக்கும் டென்னி ப்ரூசோ, வெண்டெல் கட்டியதைத்தான் முன்வரிசையில் வைப்பான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அதில் ஒரு பிசிறு இருக்காது.

அவர் மனைவி லோர்னாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லவள். அதிலே எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பது குளிர்காலம் புருஷன் லாரியில் இருந்தான், இவள் ஜன்னலில் இருந்தாள். ஓய்வு பெற்றால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாள். அவர் ஓய்வு பெற்றதும் பின்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கிடுக்கியில் முள்ளை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம் அந்த முதுகைப் பார்த்தாள். அப்புறம் ஒரு பிப்ரவரியில், தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன், பனி போனதும் வந்துவிடுவேன் என்று புளோரிடாவின் தென்கோடித் தீவுகளுக்குப் போனாள். பனி ஒன்பது தடவை போய்விட்டது. சண்டை இல்லை, வக்கீல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அவ்வளவுதான். அவள் போன பிறகு வெண்டெல் கிடுக்கியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கேதான் தொலைபேசி இருந்தது.

அடுத்த வாரமே சங்கிலி மர்மம் விலகியது. காபியை வாங்கிக்கொண்டு, கடையில் வேறு யாருமில்லை என்று பார்த்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார்.

"லோர்னா எழுதியிருக்கா."

கடிதம் சின்னது. அவள் அங்கே மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டாளாம். முழங்கால் ஆழக் கடலில் நடந்து போன்ஃபிஷ் பிடிக்கிறாளாம். பார்க்க வெள்ளியாக இருக்கும், ஓடினால் நூறு கஜத்துக்கு நிற்காதாம். 'கடையில விக்கிற பூச்சி ரெண்டு மீனுக்கு மேல தாங்கல, நூல் பிரிஞ்சிடுது. நீ கட்டினா பிரியாது. மூணு டஜன் கட்டி அனுப்புவியா? மார்ச்சுல மீன் வரும்' என்று எழுதியிருந்தாள். மாதிரிக்கு ஒரு பூச்சியும் வைத்திருந்தாள். மணல் நிறத்தில் மயிர், ஜரிகை உடம்பு, கண்ணுக்கு இரண்டு சங்கிலி மணி. முள்ளின் வளைவை மட்டும் வெட்டி எடுத்திருந்தாள். தபாலில் பூச்சி அனுப்பினால் அப்படித்தான் செய்வது, தபால்காரன் கையில் குத்திவிடக் கூடாது.

"ஒம்பது வருஷத்துல அவ எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல வெல்மா."

"பொண்டாட்டி பூச்சி கேட்டதுக்கா இப்படிக் காது சிவக்குது?"

"நல்லா அமைஞ்சா..." என்று நிறுத்தினார். "நல்லா அமைஞ்சா கூப்பிட்டாலும் கூப்பிடுவா."

"கூப்பிட்டா போயிடுவீங்களா?"

"போகாம?"

அவர் சொன்ன விதத்தில் யோசனையே இல்லை. காபிக் கோப்பையைக் கழுவுகிற சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன்.

இந்த விஷயம் என் ஒருத்திக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எட்டுப் பத்துப் பேர் ஆளுக்கொரு விளக்கோடு உட்கார்ந்து பூச்சி கட்டுவார்கள். காபி என் பொறுப்பு. அங்கே எவனும் எவன் வீட்டு நிலவரத்தையும் கேட்கமாட்டான், இறகு பற்றியும் நூல் பற்றியும்தான் பேச்சு. வெண்டெல் அங்கேயும் வாய் திறக்கவில்லை. டென்னி சும்மா இருப்பானா?

"என்ன பெரிசு, இந்த வருஷம் சரக்கு பாதிகூட வரல. கண்ணு போச்சா, கை போச்சா?"

"ரெண்டும் இருக்கு. உனக்குத்தான் பொறுமை போச்சு."

"பொறுமைக்கென்ன, ஏப்ரல் வரைக்கும் இருக்கு. அப்புறம் வர்றவனுக்கு என் மீசையைத்தான் பிடுங்கிக் கட்டிக் குடுக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டெல் என்னைப் பார்த்தார். நமக்குள் இருக்கட்டும் என்று அந்தப் பார்வை சொன்னது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு.

பிப்ரவரி நடுவில் ஒரு ஞாயிறு, மான்கறியும் பீன்ஸும் சமைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவு தட்டினால் பதில் இல்லை. உள்ளே போனால், மனுஷன் குளியலறையில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன, ஞானஸ்நானமா?"

"கிட்ட வந்து பாரு. உப்புகூடப் போட்டிருக்கேன்."

"கடலையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க. திமிங்கிலம் எப்ப வருது?"

அவர் ஒரு பூச்சியை விரலால் விட்டார். அது மெதுவாக மூழ்கி, அடியில் முள் கீழ்ப்பக்கமாகப் படுத்தது. "பாத்தியா, இது தப்பு" என்றார். போன்ஃபிஷ் மூக்கை மணலில் குத்தித் தின்னும் மீன். பூச்சியும் மணலில் கிடக்க வேண்டும், ஆனால் முள் வானத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடலடிப் புல்லில் மாட்டும். மணிக்கண்ணை முள்தண்டின் எந்தப் பக்கம் கட்டுகிறோம், எவ்வளவு தள்ளிக் கட்டுகிறோம் என்பதில்தான் அது இருக்கிறதாம். ஆயுள் முழுக்கத் தண்ணீர் மேல் மிதக்கிற பூச்சி கட்டியவருக்கு இது புதிது. எட்டுப் பூச்சி தப்பாக விழுந்ததால், பிரித்து மறுபடி கட்டினாராம். ஒன்பதாவதை விட்டார். அது பாதி வழியில் தானாகத் திரும்பி, முள்ளை மேலே நீட்டிக்கொண்டு அழகாக உட்கார்ந்தது.

நானும் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். இரண்டு கிழங்களும் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைகள் போல ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தோம். லோர்னா விட்டுப்போன தலைமுடி உலர்த்தியால் அவர் ஒவ்வொரு பூச்சியையும் உடனுக்குடன் காயவைத்தார். அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பிறகு சமையலறைக்கு வந்தோம். அவர் சாப்பாட்டைச் சுட வைத்தார். மேசை விளக்கடியில் அந்த மாதிரிப் பூச்சி கிடந்தது. பக்கத்தில் அவர் உபயோகிக்கிற முள் டப்பா. நான் மாதிரியைக் கையிலெடுத்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட முனை வெள்ளையாக மின்னியது. முன்பக்கத்து வளையமும் வெள்ளை. டப்பாவில் இருந்த முட்களோ அத்தனையும் பழுப்பு, டிரவுட் பிடிக்கிறவர்களின் சாதா எஃகு முள்.

எவர்சில்வரை எனக்குத் தெரியாதா? உப்பு படுகிற இடமென்றால் எவர்சில்வர் போல்ட் போடு என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெண்டெலின் லாரிக்கே நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பழுப்பு முள் கடலுக்கு ஒரு வாரம் தாங்காது என்று பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது.

"இதுல முள்ளு பளபளன்னு இருக்கே" என்று ஆரம்பித்தேன்.

"கடைச் சரக்கு அப்படித்தான் இருக்கும். வாங்குறவன் கண்ணுக்குப் பளபளன்னு இருந்தா போதும். மீன் கண்ணுக்குப் பளபளப்பு ஆகாது வெல்மா. நம்ம ஆத்துல மின்னுற முள்ளைப் போட்டா ஒரு மீன் கிட்ட வராது. அதான் பழுப்பு போட்டேன். லோர்னாவுக்குப் புரியும்."

முப்பது வருடம் உப்புக் கொட்டிய மனுஷன் இப்படிப் பேசுகிறார். டிரவுட் பிடிக்கிறவனுக்கு மட்டும்தான் இப்படிப் புத்தி போகும். உப்பு என்றால் அவருக்கு ரோடு, முள் என்றால் ஆறு. தொட்டித் தண்ணீரில் உப்புப் போட்டபோதுகூட, இரண்டும் சேர்ந்தால் துரு என்று அவர் மனதில் தோன்றவேயில்லை.

சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. பூச்சி துருப்பிடித்துப் போனால் லோர்னாவுக்குச் சலித்துப்போகும், கூப்பிடமாட்டாள், இவர் இங்கேயே இருப்பார் என்று இன்னொரு கணக்கும் கூடவே வந்தது. ஊரெல்லாம் வாயாடி என்று சொல்லும் நான், அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டு பீன்ஸைத் தின்றேன்.

முப்பத்தாறு பூச்சியையும் இருமல் மிட்டாய் டப்பாவில் வரிசையாக அடுக்கி, பிப்ரவரிக் கடைசியில் அனுப்பினார். டப்பாவைக் கட்டிய சணல்கூட என் கடையில் வாங்கியதுதான். அப்புறம் அவர் படுத்தின பாடு கொஞ்சமல்ல. கடைக்கு வந்தால் குளிரைப் பற்றிப் பேசமாட்டார், புளோரிடாவில் காற்று எந்தப் பக்கம் என்று பேசுவார். வாரம் ஒருமுறை வந்தவர் மூன்று முறை வந்தார். எனக்கு வேண்டியது அதுதானே, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் தபால் நிலையத்திலிருந்து வெறுங்கையோடு தெருவைக் கடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆணி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்துவிடுவேன். ஒருநாள், "கடல்ல மீனே வரலியோ என்னவோ" என்றார். இன்னொரு நாள், "எனக்குக் கட்ட வரலேன்னு சொல்ல சங்கடப்படுறாளோ" என்றார்.

"உங்களுக்குக் கட்ட வரலேன்னா உலகத்துல எவனுக்கும் வராது" என்றேன். அது நிஜம். அதுவரைக்கும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

மார்ச் இருபத்தாறாம் தேதி, கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் உள்ளே வந்தார். கையில் கடிதம். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

"கேளு" என்று வாசித்தார். "'மொத நாளு ரெண்டு மீன் பிடிச்சேன். மூணாவது மீன் நம்மூர்ப் பாலம் நீளத்துக்கு ஓடிச்சு. பூச்சி ஒரு மயிர்கூடக் கலையல. துடைச்சு டப்பாவுல வெச்சு மூடினேன். ஒரு வாரம் கழிச்சுத் தொறந்தா டப்பா பூரா துரு. ஒண்ணைத் தொட்டேன், முள்ளு ரெண்டா ஒடிஞ்சு கையோட வந்திடிச்சு. முப்பது வருஷம் ரோட்டுல உப்புக் கொட்டின ஆளு கட்டின பூச்சி உப்புல செத்துச்சுன்னு நானும் தங்கச்சியும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் உன்னை நெனச்சு அழுகையா வந்தது. தபால்ல அனுப்பி இது சரிப்படாது. கிடுக்கியைத் தூக்கிட்டு நீயே வா. முள்ளு இங்க வாங்கி வெச்சிருக்கேன். மேசை ஜன்னலோரமா இருக்கு, ஆனா நீ என் பக்கம் திரும்பித்தான் உக்காரணும்.'"

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நினைத்தது நான், ஆனால் நடந்தது நல்லது, அதுவும் அவருக்கு. பூச்சி நன்றாக அமைந்திருந்தால் லோர்னா நன்றி எழுதியிருப்பாள், அடுத்த வருடம் இன்னும் மூன்று டஜன் கேட்டிருப்பாள், இவர் சமையலறையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டே இருந்திருப்பார். அவரை அனுப்பி வைத்தது நான் திறக்காத வாய்.

"ஏப்ரல்ல ஆறு தொறக்கிறப்ப இருக்கமாட்டீங்க" என்றேன்.

"டென்னி மீசையைப் பிடுங்கட்டும்." கடிதத்தை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா வெல்மா? எவர்சில்வர் உனக்குத் தெரியாததா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் விளையாட்டாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது.

"தெரியும். அன்னைக்கு உங்க மேசையில பாத்தப்பவே தெரியும்."

அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. "பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க போயிடக் கூடாதுன்னு."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவர் மாதிரிப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நான் போறதாவே இருந்திருக்காது வெல்மா" என்றார்.

முள்ளைப் பற்றிச் சொன்னாரா, நான் இத்தனை வருடம் சொல்லாத மற்றதைப் பற்றிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்கிற நான், அதை மட்டும் கேட்கவில்லை. அவரும் கொஞ்ச நேரம் நின்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் யாரோ கதவைத் திறந்து, குழாய் வெடித்துவிட்டது, அரை அங்குல மூட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன்.